பயத்தோடு வா, பத்து வெள்ளியோடு வா

முதலீடு என்று வாயெடுத்தால் போதும், நம் வீடுகளில் பெரியவர் ஒருவர் ‘மைக்கா’ என்பார். அதோடு பேச்சு முடிந்துவிடும். யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள், அவரும் சொல்ல மாட்டார். மிச்சம் பிடித்த காசு பேங்க் கணக்கிலேயே தூங்கும். இல்லாவிட்டால் அடுத்த கல்யாணத்திலோ அடுத்த கார் முன்பணத்திலோ கரையும்.

இன்று அந்தப் பேச்சை அங்கே முடியவிடப் போவதில்லை. பினாங்கில், பாயான் லெப்பாஸ் ஆலையில் ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் தம்பி, லெபோ பாசார் துணிக்கடைக் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் தங்கச்சி, உங்களிடம்தான் பேசுகிறேன். உங்கள் பயத்தைப் பறிக்க நான் வரவில்லை. அது உங்களுக்கு வேண்டும், நிறையவே வேண்டும். அதை மூலையில் சும்மா உட்கார வைத்துச் சோறு போடுகிறீர்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பயத்துக்கு வேலை கொடுங்கள்!

முதலில் மைக்காவையே பேசிவிடுவோம். 1984-இல் ம.இ.கா. முன்னின்று தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸில் ஏறத்தாழ 66,000 இந்தியர்கள் 106 மில்லியன் வெள்ளி போட்டார்கள். தோட்டத்தில் பால் வெட்டியவர்களின் காசு அது. நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கியவர்கள் உண்டு. கடன் வாங்கிப் போட்டவர்களும் உண்டு. 1990-இல் மைக்காவுக்கென்று ஒதுக்கிய 1 கோடி டெலிகோம் பங்குகளில் 10 லட்சம் மட்டுமே அங்கே போய்ச் சேர்ந்தன என்ற விவகாரம் நாடாளுமன்றம்வரை போனது. கடைசியில் 2010-இல் வேறொரு நிறுவனம் பங்குக்கு 80 சென் கொடுத்து வாங்கிக்கொண்டது. ஒரு வெள்ளி போட்டவர் கால் நூற்றாண்டு காத்திருந்து எண்பது சென் பார்த்தார். 1984-இல் ஒரு வெள்ளிக்கு என்ன சாப்பிடலாம், 2010-இல் எண்பது சென்னுக்கு என்ன சாப்பிடலாம் என்று உங்கள் அம்மாவைக் கேட்டுப் பாருங்கள், முழு நட்டமும் தெரியும்.

பெரியவரின் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கோபத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு கேள்வியையாவது கேட்டோமா? எதனால் போனது அந்தக் காசு? இருந்ததையெல்லாம் ஒரே கம்பெனியில் கொட்டினார்கள். அந்தக் கம்பெனி பங்குச் சந்தையில் பட்டியலிடப்படவே இல்லை. உள்ளே போக மேளதாளத்தோடு வாசல் இருந்தது, வெளியே வர வழி இல்லை. வேண்டாம் என்று தோன்றிய நாளில் விற்க முடியாத சொத்து அது. கணக்கறிக்கையைப் பார்த்து யாரும் போடவில்லை, மேடையில் நின்ற முகத்தைப் பார்த்துப் போட்டார்கள். போதாததற்கு இரவல் காசு. முதலீடு செய்ததால் கெட்டவர்கள் என்று அவர்களைச் சொல்லாதீர்கள். விசாரிக்கவிடாமல் கெடுக்கப்பட்டவர்கள் அவர்கள்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். முதலீடு என்றாலே பயம், பங்கு என்றால் சூதாட்டம் என்று பேசும் இதே பினாங்கைத் தலைமையிடமாக வைத்துத்தான் ஜேஜேபிடிஆர் என்ற நிறுவனம் நடந்தது. அன்னியச் செலாவணியில் விளையாடி மாதம் 20 சதவீதம் தருகிறோம் என்றது. ஆயிரக்கணக்கானோர் போய்க் கொட்டினார்கள். பேங்க் நெகாராவின் எச்சரிக்கைப் பட்டியலில் அதன் பெயர் ஏறிய பிறகும் கொட்டினார்கள். 2017 ஏப்ரலில் கணினிக்குள் புகுந்து யாரோ திருடிவிட்டார்கள் என்று ஒரு கதை வந்தது. காசு நின்றது.

மாதம் 20 சதவீதம் என்றால் என்னவென்று கைப்பேசிக் கால்குலேட்டரில் தட்டுங்கள். 1,000 வெள்ளி ஒரு வருஷத்தில் 8,900 ஆகும். மூன்று வருஷத்தில் ஏழு லட்சம் தாண்டும். ஐந்து வருஷத்தில் 56 மில்லியன் வெள்ளி! ஆயிரம் வெள்ளி வைத்திருந்த ஒவ்வொருவனும் ஐந்தே வருஷத்தில் கொம்தாரை விலை பேசலாம் என்றால், இந்தத் தீவில் வேலைக்குப் போக ஒருவன் மிஞ்சுவானா? இதைத் தட்டிப் பார்க்க எந்தப் பட்டமும் வேண்டாம். பயந்தவன் தட்டிப் பார்த்திருப்பான். ஆசைப்பட்டவன் தட்டவில்லை. ஆண்டுக்கு ஐந்து சதவீதம் தரும் இடத்தில் நடுங்குகிறோம், மாதத்துக்கு இருபது என்றவனிடம் சிங்கமாகப் போய் நிற்கிறோம். நம்மிடம் தைரியத்துக்குக் குறைவில்லை ஐயா, அதைக் காட்டும் இடம்தான் கோளாறு!

பயத்தை வைத்துப் பிழைத்தவர்கள் இதே ஊரில் இருந்தார்கள். லெபோ பினாங்கில் இன்றும் நிற்கும் நகரத்தார் கோவில் வீட்டைத் தைப்பூசத்தின்போது பார்த்திருப்பீர்கள். வெள்ளி ரதம் புறப்படும் இடம். அந்தத் தெருவின் கிட்டங்கிகளில்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் செட்டியார்கள் பெட்டி போட்டு உட்கார்ந்தார்கள். செட்டிநாட்டிலிருந்து கப்பலேறி வந்த பையன் வந்த நாளே யாருக்கும் கடன் கொடுத்துவிடவில்லை. பெட்டியடிப் பையனாகச் சேருவான். எடுபிடி வேலை செய்வான், பேரேட்டைப் பார்த்துப் பார்த்துக் கணக்கு படிப்பான். வருஷங்கள் கழித்து அடுத்தாள் ஆவான். அதற்கும் பிறகுதான் மேலாள். கடன் கேட்டு வருகிறவனின் தொழில் என்ன, ஈடு என்ன, முன்பு வாங்கியதை எப்படித் திருப்பினான் என்று அத்தனையும் விசாரித்த பிறகுதான் பெட்டி திறக்கும். கொடுத்ததும் வந்ததும் அன்றன்றே ஏட்டில் ஏறும். துணிந்து கடல் கடந்தார்கள் என்று அவர்களைப் புகழ்கிறோம், சரிதான். ஆனால் அவர்கள் பயிற்சி பெற்றது சந்தேகப்படுவதில்.

அவர்களும் ஓரிடத்தில் தவறினார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். பெருமுதலைப் பர்மாவில் குவித்தார்கள். 1930களின் மந்தத்தில் கடன் திரும்பாமல், கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்பங்கு நிலம் அவர்கள் கைக்கு வந்து சேர்ந்தது. வந்தது செல்வம் போலத் தெரிந்தது. பிறகு ஜப்பானியர் வந்தார்கள், போர் வந்தது, விடுதலைக்குப் பின் நிலச் சட்டங்கள் வந்தன, எல்லாம் அங்கேயே நின்றுவிட்டது. வட்டிக் கணக்கில் உலகத்துக்கே பாடம் எடுக்கத் தெரிந்தவர்களுக்கே ஓரிடத்தில் குவித்ததால் அந்தக் கதி என்றால், ‘என் நண்பன் சொன்ன ஒரே பங்கில் எல்லாவற்றையும் போடப் போகிறேன்’ என்கிறவனிடம் நான் என்ன சொல்ல?

சரி, ஏழைகள் சேர்ந்து போட்டு வென்ற கதை நம்மிடம் இல்லையா? இருக்கிறது. ஏனோ அதைச் சொல்லி யாரும் பிள்ளைகளை வளர்ப்பதில்லை.

மெர்டேக்காவை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரத் துரைகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போகத் தொடங்கினார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றார்கள். துண்டாடப்பட்ட தோட்டத்தில் வேலையும் போகும், லயத்து வீடும் போகும். அந்த நேரத்தில் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், பத்துப் பத்து வெள்ளியாகப் போடுங்கள், துரை விற்கிற தோட்டத்தை நாமே வாங்குவோம் என்றார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் யார் என்று நினைத்துப் பாருங்கள். விடிவதற்கு முன் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டு மரத்துக்கு ஓடியவர்கள். அன்றைய கூலியில் பத்து வெள்ளி விளையாட்டுக் காசில்லை. அவர்களுக்கும் பயம்தான், உங்களைவிட அதிகமாகவே. போட்டார்கள். சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் நமக்கு அண்டையில், கெடாவில் இருக்கும் புக்கிட் சீடிம். அதற்குப் பின்னும் தோட்டங்கள் வாங்கினார்கள். சங்கம் இன்றும் இருக்கிறது. கோலாலம்பூரில் விஸ்மா துன் சம்பந்தன் அதன் கட்டடம்தான்.

மைக்காவில் போட்டதும் நம் மக்கள்தான், இதில் போட்டதும் நம் மக்கள்தான். இங்கே வாங்கிய பொருள் கண்முன் இருந்தது. எந்த மரம் எவ்வளவு பால் தரும் என்பது துரையைவிடப் போட்டவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்த பொருளில், தாங்கக்கூடிய அளவில், தவணை தவணையாகப் போட்டான். தொடங்குகிறவனுக்கு இதைவிட நல்ல பாடத்தைப் புத்தகத்தில் தேட வேண்டியதில்லை.

‘எனக்கு இதெல்லாம் பழக்கமில்லையே’ என்கிறீர்களா? பொய்! நீங்கள் ஏற்கெனவே முதலீட்டாளர்.

குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஊழியர் சேமநிதியான ஈபிஎஃப்புக்கு உங்கள் பங்கு 11 சதவீதம், 187 வெள்ளி. முதலாளி பங்கு 13 சதவீதம், 221 வெள்ளி. மாதம் 408 வெள்ளி உங்கள் பெயரில் முதலீடாகப் போய்க்கொண்டிருக்கிறது. ஈபிஎஃப் அதை இரும்புப் பெட்டியில் பூட்டி வைப்பதாக நினைத்தீர்களா? அரசுப் பத்திரம், உள்ளூர் பங்கு, வெளிநாட்டுப் பங்கு, கட்டடம் என்று பிரித்துப் போடுகிறார்கள். லண்டனில் தேம்ஸ் கரையோரம் பழைய பாட்டர்ஸீ மின் நிலையத்தை மலேசிய நிறுவனங்கள் வாங்கியபோது ஈபிஎஃப்பும் கூட்டாளி. அதாவது பிறையில் மெஷின் ஓட்டும் உங்களுக்கும் லண்டன் கட்டடத்தில் ஒரு துளிப் பங்கு உண்டு! 2024-க்கு ஈபிஎஃப் கொடுத்த லாப ஈவு 6.30 சதவீதம். 1951-இல் தொடங்கிய நிதி அது, எத்தனை பொருளாதார மந்தத்தைத் தாண்டி வந்திருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். வழக்கமான கணக்குக்கு ஆண்டுக்குக் குறைந்தது 2.5 சதவீதம் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இத்தனை காலம் நீங்கள் பயந்து ஒதுங்கிய ஒன்று உங்கள் சம்பளச் சீட்டிலேயே ஒவ்வொரு மாதமும் அச்சாகி வந்திருக்கிறது. படித்தீர்களா அந்தச் சீட்டை?

ஈபிஎஃப்பில் இன்னொரு கதவு இருக்கிறது, அதைத்தான் நான் தெருத்தெருவாகக் கத்திச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு, கிராப் ஓட்டுகிறவருக்கு, பூக்கட்டி விற்கும் அக்காவுக்கு, தோசைக் கடை வைத்திருப்பவருக்கு, அறுபது வயதுக்கு உட்பட்டிருந்தால், ஐ-சாரான் என்ற திட்டம் உண்டு. நீங்களாகப் போடும் தொகைக்கு அரசாங்கம் 20 சதவீதம் சேர்த்துப் போடுகிறது, ஆண்டுக்கு 500 வெள்ளிவரை, வாழ்நாளில் 5,000 வெள்ளிவரை. 2025-இல் இந்த அளவுக்கு உயர்த்தினார்கள். ஆண்டில் 2,500 போட்டால் 500 வந்து சேரும். அதற்கு மேல் லாப ஈவு தனி. இருபது சதவீதம் தேடித்தானே ஜேஜேபிடிஆர் வாசலில் நின்றார்கள்? சட்டப்படி, அரசாங்கம் கொடுக்கிற இருபது சதவீதம் இங்கே கிடக்கிறது, குனிந்து எடுக்க ஆளில்லை! காசில் பெரும்பகுதி 55 வயதுவரை உள்ளேயே இருக்கும் என்பது உண்மை. அவசரத்துக்கு எடுக்கப் பத்திலொரு பங்கை நெகிழ்வுக் கணக்கில் வைக்கிறார்கள். உள்ளே பூட்டிக்கிடப்பது குறை என்பார்கள் சிலர். மச்சான் வந்து கைமாற்று கேட்கும்போது அந்தப் பூட்டின் அருமை தெரியும்.

ஆனால் அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. வீட்டில் யாருடைய சங்கிலியாவது அடகுக் கடையில் இருக்கிறதா?

சிரிக்காதீர்கள். நம் வீடுகளில் பாதிப் பொருளாதாரம் அந்தச் சீட்டில்தான் நடக்கிறது. பள்ளிக்கூடம் திறந்தால் அடகு, தீபாவளி வந்தால் அடகு. அடகுக் கடைக்காரர் மாதம் 2 சதவீதம்வரை வட்டி வாங்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆண்டுக்கு 24! கையில் இருக்கும் 1,000 வெள்ளியை ஐந்து சதவீதத்துக்குப் போட்டுவிட்டு, அடகுச் சீட்டுக்கு இருபத்து நான்கு சதவீதம் கட்டுகிறவன் முதலீட்டாளன் இல்லை, கணக்குத் தெரியாதவன். அந்தச் சங்கிலியை மீட்பதுதான் உங்கள் முதல் முதலீடு. எந்த அபாயமும் இல்லாமல் 24 சதவீதம் மிச்சம். கிரெடிட் கார்டில் பாக்கி இருந்தால் அடுத்து அது. ஆண்டுக்கு 15 முதல் 18 சதவீதம் உறிஞ்சும். உரிமமில்லாத வட்டிக்காரனான ஆலோங்கிடம் வாங்கியிருந்தால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிட்டு அதை முடிக்கும் வழியை முதலில் பாருங்கள்.

கடன் கழிந்ததும் மூன்று மாதச் செலவுக்கான காசைப் பேங்கில் தனியாக வையுங்கள். பிஐடிஎம் (மலேசிய வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகம்) காப்பு உள்ள பேங்க் என்றால் ஒருவருக்கு ஒரு பேங்கில் 250,000 வெள்ளிவரை பத்திரம். வட்டி கொஞ்சம்தான். இருக்கட்டும், அந்தக் காசின் வேலை வளர்வது இல்லை. வேலை போனாலும் மோட்டார் சைக்கிள் கெட்டாலும் உங்களை மறுபடி அடகுக் கடைக்கு அனுப்பாமல் தடுப்பதுதான் அதன் வேலை.

பிறகு அமானா சஹாம் என்ற யூனிட் முதலீட்டு நிதிகள். இதைச் சொன்னதும் ஒரு முணுமுணுப்பு எழும்: அதெல்லாம் அவர்களுக்குத்தான், நமக்கில்லை. ஏஎஸ்பி பூமிபுத்ராவுக்கு மட்டும்தான், உண்மை. ஆனால் ஏஎஸ்எம் எல்லா மலேசியருக்கும் திறந்தது. ஏஎஸ்எம் 2 வாவாசான், ஏஎஸ்எம் 3 இரண்டும் அப்படியே. 2018 பட்ஜெட்டில் இந்திய சமூகத்துக்கென்றே 1.5 பில்லியன் யூனிட் கூடுதலாக அறிவித்தார்கள். மூடிய கதவைப் பற்றிக் காப்பிக் கடையில் மணிக்கணக்கில் பேசுகிறோம், திறந்த கதவைத் தட்ட மட்டும் நேரமில்லை! ஒரு யூனிட் எப்போதும் ஒரு வெள்ளி. விலை ஏறி இறங்காது. பத்து வெள்ளி இருந்தால் கணக்கைத் திறக்கலாம். அண்மை ஆண்டுகளில் ஏறத்தாழ நான்கு, ஐந்து சதவீதம் கொடுத்து வருகிறார்கள். பேங்க் வைப்புபோல இதற்குப் பிஐடிஎம் காப்பு கிடையாது, லாபம் இவ்வளவு என்ற சட்ட உத்தரவாதமும் கிடையாது. அதையும் தெரிந்துகொண்டே போடுங்கள். ஒரு பொருளின் குறையையும் சொல்லி விற்கிறவனை நம்பலாம். குறையே இல்லை என்பவனைக் கண்டால் ஓடுங்கள்.

மாதம் நூறு வெள்ளியால் என்ன ஆகப்போகிறது என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களுக்கு இந்தக் கணக்கு. ஆண்டுக்கு ஐந்து சதவீதம் என்று வைத்து, மாதம் 100 வெள்ளி இருபது வருஷம் போட்டால் ஏறத்தாழ 40,000. முப்பது வருஷம் போட்டால் ஏறத்தாழ 80,000. அந்தக் கடைசிப் பத்து வருஷத்தில் உங்கள் கையிலிருந்து போனது வெறும் 12,000. சேர்ந்தது 40,000. அப்படியென்றால், இருபத்தைந்து வயதில் தொடங்க வேண்டியவன் ‘பார்க்கலாம், பார்க்கலாம்’ என்று முப்பத்தைந்துவரை இழுத்தால் அந்த ஒரு சொல்லுக்கு என்ன விலை? நாற்பதாயிரம் வெள்ளி! உங்கள் தயக்கத்துக்கு இவ்வளவு வாடகை கட்ட உங்களுக்குக் கட்டுப்படியாகுமா? போடாமல் இருந்தால் நட்டமில்லை என்று யார் சொன்னது? சும்மா கிடக்கும் காசை விலைவாசி தினமும் கொறித்துக்கொண்டுதான் இருக்கிறது. சத்தம் போடாமல் கொறிப்பதால் உங்களுக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இங்கே இன்னொருவரும் வந்து நிற்பார்: தே தாரேக்கை நிறுத்து, ரொட்டி சானாயை நிறுத்து, கோடீஸ்வரனாகலாம் என்று பேசுகிறவர். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. நாள் முழுக்க நின்று வேலை செய்தவன் குடிக்கும் தேநீரில் கை வைக்காதீர்கள். போகிற இடம் வேறு. இரண்டு வருஷத்துக்கொருமுறை மாற்றும் கைப்பேசி, ஒன்பது வருஷத் தவணையில் வாங்கும் கார், ஊருக்குக் காட்ட எடுக்கும் கல்யாண மண்டபம். அங்கே கை வைக்க நமக்குத் துணிச்சலில்லை, அதனால் தேநீரைத் திட்டுகிறோம்.

தங்கத்தைப் பற்றிக் கேட்பீர்கள். லெபோ பாசாரில் நகை வாங்குவது முதலீடு என்று சொல்லி உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்ளாதீர்கள். ஆசைக்கு வாங்குங்கள், அழகாகப் போட்டுக்கொள்ளுங்கள். கூலி கொடுத்து வாங்கி, கூலியை இழந்து விற்கிற பொருள் அது.

பங்குச் சந்தைக்கு வருவோம். அவசரமில்லை, ஒரு வருஷம் கழித்துக்கூட வரலாம். புர்சா மலேசியாவில் வழக்கமாக நூறு பங்குகள் ஒரு லாட். வெள்ளி விலையுள்ள பங்கு என்றால் நூறு வெள்ளிக்கு வாங்கலாம் என்று தோன்றும். ஆனால் தரகுக்குக் குறைந்தபட்சக் கட்டணம் உண்டு. நூறு வெள்ளிக்கு வாங்கிப் பத்து வெள்ளி தரகு கொடுத்தால் தொடக்கத்திலேயே பத்து சதவீதம் அம்போ. ஆகவே கொஞ்சம் சேர்த்துக்கொண்டு, அரிதாக வாங்குங்கள். யூனிட் டிரஸ்ட் விற்க வருகிறவரிடமும் முதலில் விற்பனைக் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். ஐந்து சதவீதம் என்றால் உங்கள் ஆயிரத்தில் ஐம்பது போய், மிச்சம்தான் வேலைக்குப் போகிறது. கேட்க வெட்கமா? உங்கள் காசை வாங்க அவர் வெட்கப்படவில்லையே!

சந்தை எப்படி விழும் என்பதையும் ஒருமுறை கண்ணைத் திறந்து பாருங்கள். 1997 பிப்ரவரியில் கோலாலம்பூர் குறியீடு 1,271 புள்ளிகளில் இருந்தது. 1998 செப்டம்பர் முதல் தேதி 262. ஒன்றரை வருஷத்தில் ஐந்தில் நான்கு பங்கு காணாமற்போனது. கடன் வாங்கி விளையாடியவர்கள் வீட்டை இழந்தார்கள். இப்போதைக்குத் தேவைப்படாத காசைப் பல நல்ல கம்பெனிகளில் பிரித்துப் போட்டு, ஈவை வாங்கிக்கொண்டு, விற்காமல் உட்கார்ந்திருந்தவர்கள் மெல்ல மீண்டார்கள். ஆகவே அடுத்த வருஷம் பிள்ளையின் கல்லூரிக்கு வேண்டிய காசு ஒரு சென்கூடச் சந்தைக்குள் போகக் கூடாது. ஏழெட்டு வருஷம் தொட மாட்டேன் என்று சத்தியம் செய்யக்கூடிய காசு மட்டும் போகட்டும்.

இத்தனைக்கும் நடுவில் யாராவது வாட்ஸ்அப்பில் வருவார்கள். கோவிலில் பார்த்த அண்ணனாக இருக்கலாம், பள்ளித் தோழியாக இருக்கலாம், சொந்த அத்தையாகவே இருக்கலாம். ‘நானே போட்டு வாங்கியிருக்கேன்டா’ என்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. முதலில் போட்டவருக்கு அடுத்துப் போட்டவர் காசிலிருந்து கொடுப்பார்கள், அது நிற்கும்வரை எல்லாரும் சாட்சிதான். அத்தையோடு சண்டை வேண்டாம். பேங்க் நெகாராவும் பங்குச் சந்தைக் கண்காணிப்பு ஆணையமும் எச்சரிக்கைப் பட்டியல் வைத்திருக்கின்றன, அதில் அந்தப் பெயரைத் தேடுங்கள். பட்டியலில் இல்லாவிட்டால் மட்டும் போதாது. உரிமம் இருக்கிறதா என்றும் பாருங்கள். எங்கிருந்து இந்த லாபம் வருகிறது என்று கேளுங்கள். எந்த நாளில் எப்படி என் காசைத் திரும்ப எடுப்பது என்று கேளுங்கள். இன்றே போடாவிட்டால் வாய்ப்பு போய்விடும் என்று பதில் வந்தால், உங்கள் பயம் தன் சம்பளத்தை அன்றே சம்பாதித்துவிட்டது.

இனி என்ன தடை? ஆங்கிலம் தெரியாதா? கவுண்டரில் மலாயில் பேசுங்கள், இந்த நாட்டில் பிறந்தவர்களுக்கு அதில் என்ன கூச்சம். வயதாகிவிட்டதா? ஐம்பதில் தொடங்குகிறவர் அறுபதில் தொடங்குகிறவரைவிடப் பத்து வருஷம் இளையவர். படிப்பில்லையா? பிரட்டுக்களத்தில் நின்றவர்களுக்கு என்ன படிப்பு இருந்தது, தோட்டத்தையே வாங்கினார்களே!

வருகிற திங்கட்கிழமை ஐசியை எடுத்துக்கொண்டு மேபேங்க்குக்கோ சிஐஎம்பிக்கோ போங்கள். ஏஎஸ்எம் கணக்கு திறக்க வேண்டும், பத்து வெள்ளி போடப் போகிறேன் என்று உரக்கச் சொல்லுங்கள். கவுண்டரில் இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பார், பத்தா என்று கேட்பார். ஆமாம், பத்துதான் என்று சொல்லுங்கள். யூனிட் தீர்ந்துவிட்டது என்று அவர் சொல்லக்கூடும், சில வேளைகளில் அப்படி ஆகும். செவ்வாய்க்கிழமை மறுபடி போங்கள்.